நடைக்காரியின் சுண்டுவிரல்

பூட்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு நடைக்காரி என்று பெயர். வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், பசை ஒட்டுகிறவர்கள், பெட்டியில் அடுக்குகிறவர்கள் என்று அந்த நீளக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோ நின்றோ வேலை பார்க்க, அவள் ஒருத்திதான் நடந்து வேலை பார்த்தாள். புதிதாகச் செய்த மாதிரி பூட்ஸை மாட்டிக்கொண்டு, தொழிற்சாலைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஆரம்பிக்கிற மலைப்பாதையில் ஏறி, முகட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். எங்கே கடித்தது, எங்கே தொளதொளத்தது என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"நடக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கேட்டாள். "அப்ப இந்த வீட்டுக்குள்ள நான் நடந்த நடைக்கெல்லாம் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

அவளும் முதலில் பசை மேசையில்தான் இருந்தாள். பசை நெடியில் மத்தியானத்துக்குள் தலை கிர்ரென்று சுற்றும். சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும் மூக்கை விட்டுப் போகாது. ஒருநாள் மாஸ்டர், மாதிரி பூட்ஸ் செய்கிற பெரியவர், சாப்பாட்டு வேளையில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து ஒவ்வொருத்தி காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். எல்லாருக்கும் சிரிப்பு. இவள் மட்டும் கூச்சத்தில் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். "இழுத்துக்கிட்டியே, அந்தக் கால்தாம்மா வேணும்," என்றார் மாஸ்டர். மாதிரி பூட்ஸ் எல்லாம் ஒரே அளவில்தான் செய்வார்கள். அந்த அளவுக்கு அவள் கால் அச்சடித்த மாதிரி பொருந்தியது. அன்றிலிருந்து அவளுக்கு மலை.

பேச்சு வராதவள் அவள். யாராவது கேள்வி கேட்டால் பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் இந்த வேலை தோதாக இருந்தது. மாஸ்டர் அவளைப் பேசச் சொல்லவில்லை, கையில் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்தார். கடித்த இடத்தில் பூட்ஸின் மேலேயே ஒரு வட்டம். தொளதொளத்த இடத்தில் ஒரு கோடு. வட்டமும் கோடுமாகத் திரும்பி வரும் பூட்ஸை மேசைமேல் வைத்துவிட்டு அவள் பேசாமல் நிற்பாள். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவார். ஊரில் யாருக்கும் இல்லாத மரியாதை அவளுக்கு அந்த நிமிஷத்தில் இருந்தது.

மாஸ்டருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. சோதனை பூட்ஸை நடைக்கு முன்னால் சில நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டு நடமாட வேண்டும். தோல் காலைப் பழகிக்கொள்ளும். அந்த நாட்களில் வேறு யார் காலும் அதற்குள் போகக் கூடாது. "தோலுக்கு ஞாபகம் ஜாஸ்தி," என்பார். "யார் கால் போனாலும் எழுதி வச்சுக்கும்."

இந்தச் சட்டத்துக்காக அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கத்தியிருக்கிறாள். கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வீட்டுக்கு வந்த புதிது. வாசலில் இருந்த சோதனை பூட்ஸைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் விளையாட்டாகக் காலை விட்டு, "அத்தை, பாருங்க, நான் போலீஸ்!" என்று கூடத்தில் நடந்து காட்டினாள். சமையலறையிலிருந்து வந்த பெரியவள் போட்ட கத்தலில் மாமியார் கையிலிருந்த தட்டு விழுந்தது. இத்தனை வருஷமாக ஊமை என்று நினைத்திருந்த மருமகளுக்கு இவ்வளவு பெரிய தொண்டையா என்று மாமியார் பிறகு அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டாள்.

சின்னவள் அழுதாள், அரை மணி நேரத்தில் சிரித்துவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் தொழிற்சாலை லாரியில் போய்விட்டால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் பெண்கள் மூன்று பேர்தான். அந்த மூன்று பேருக்கான பேச்சையும் சின்னவளே பேசினாள். பிறகு அவளும் தொழிற்சாலைக்கு வந்து தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே வாசல் காவலாளி முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக அதே வாசலில் நுழைகிற நடைக்காரியைப் பார்த்துக் காவலாளி இப்போதும், "நீங்க அவங்க அக்காவா?" என்று கேட்டான்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் மாமியார் சின்னவளோடு சேர்ந்து சிரிப்பதை, சின்னவள் கைப்பட்ட சாப்பாட்டை எல்லாரும் இன்னொரு கரண்டி கேட்பதை, எல்லாவற்றையும். பேச்சு அவளோடது, சிரிப்பு அவளோடது, வீடுகூட அவளோடதாக இருந்துவிட்டுப் போகட்டும். மலை என்னோடது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அப்போதுதான் பஞ்சு வந்தது.

அதுவரைக்கும் தொழிற்சாலை செய்த மலை பூட்ஸ் கனமானது. தடித்த தோல், தடித்த அடி. கூடத்தில் அதற்குச் செங்கல் என்று பெயர். மாஸ்டர் ஒரு வருஷமாக எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மேசைமேல் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார். மெல்லிய, ஆனால் உறுதியான தோல், தேன் நிறம், உள்ளே அதிகம் அட்டை இல்லை, கணுக்கால் வரைக்கும் உயரம். கையில் எடுத்தவர்கள் எல்லாம், "உள்ளே ஒண்ணுமில்லையா?" என்று குலுக்கிப் பார்த்தார்கள். யாரோ பஞ்சு என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது.

நடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மாஸ்டர் அவளைத் தாண்டித் தையல் பக்கம் பார்த்தார்.

"சின்னவளே, இங்க வா. காலைக் காட்டு."

சின்னவள் காலும் அதே அளவுதான். வீட்டு வாசலில் இரண்டு பேர் செருப்பும் மாறிப்போவது வாடிக்கை.

"மாஸ்டர்..." என்றாள் நடைக்காரி. மீதி தொண்டையில் நின்றுவிட்டது.

"உன் கால் நல்ல கால்தாம்மா," என்றார் அவர். "ஆனா எதையும் பொறுத்துக்குது. இத்தனை வருஷம் செங்கல்லைச் சுமந்த கால். இந்தப் பஞ்சை வாங்கப்போறவங்க மலையையே பாக்காதவங்க. எனக்குக் குத்தம் சொல்ற கால் வேணும்."

"குத்தம் சொல்றதுக்கு இவளை விட்டா ஆளு ஏது மாஸ்டர்?" என்று தையல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. சின்னவளும் சேர்ந்து சிரித்தாள்.

"நீயும் கூடப் போ," என்று மாஸ்டர் நடைக்காரியிடம் சொன்னார். "செங்கல்லைப் போட்டுக்கோ. ரெண்டையும் ஒரே நாள், ஒரே பாதையில பாத்துடலாம். செங்கல் இந்தப் பருவத்தோட நிக்குது. அதுக்கப்புறம் நடக்கறதுக்கு ஒரு ஆள் போதும். யாருன்னு இந்த நடை முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

நடைக்காரி பசை மேசையைப் பார்த்தாள். அவள் முன்பு உட்கார்ந்திருந்த முக்காலி அங்கேயே, அதே மூலையில், காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் சின்னவள் பஞ்சை மாட்டிக்கொண்டு வீட்டில் நடந்தாள். மாஸ்டர் சொன்னபடி ஈரத்துணியால் தோலைத் துடைத்துவிட்டு, காலில் போட்டுக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். சத்தமே இல்லை. நடைக்காரி செங்கல்லோடு நடந்தால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும்.

"சின்னவ நடந்தா பூனை போற மாதிரி இருக்கு," என்றாள் மாமியார், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு.

"நான் நடந்தா?" என்று நடைக்காரி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"நீ நடந்தா வீடு இருக்குன்னு தெரியும்."

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆனா நிஜமாவே இதுல கால் இருக்கிற மாதிரியே தெரியலைக்கா. சும்மா மிதக்குது. நீங்க போட்டா உங்களுக்குப் புரியும்." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போடக் கூடாதுல்ல. சட்டம்."

பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். குளிக்கும்போது பாடுவாள், அதனால் அவள் எப்போது வெளியே வருவாள் என்பது வீட்டுக்கே தெரியும். மாமியார் கண்ணை மூடியிருந்தாள்.

நடைக்காரி முதலில் பூட்ஸைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு உள்ளே கையை விட்டாள். இன்னும் ஈரமும் சூடுமாக இருந்தது, இன்னொருத்தி காலின் சூடு. கையை எடுத்துவிட்டாள். அப்புறம் வலது பூட்ஸில் கட்டைவிரலை மட்டும் நுழைத்துப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தால் என்ன ஆகிவிடும்? ஒரு நிமிஷத்தில் எந்தத் தோல் எதை எழுதி வைக்கும்? நடந்தால்தானே பழகும்? எல்லாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவளேதான் இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வலது காலில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தாள்.

சின்னவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் தாங்கவில்லை.

மறுநாளும் சின்னவள் குளிக்கப் போனதும் அதே கதை. அதற்கு மறுநாள் கூடத்தைச் சுற்றியே நடந்தாள். குதிகாலைத் தூக்கி நின்றாள், நாற்காலியில் ஏறி இறங்கினாள். எப்போதும் வலது கால்தான். இரண்டையும் மாட்டிக் கழற்ற நேரம் இருக்காது. ஒவ்வொரு நாளும் பூட்ஸ் காலை இன்னும் கொஞ்சம் அன்பாக வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே வெளிப்பக்கமாக, ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும். செங்கல்லோடு பட்ட பாட்டின் மிச்சம் அது. எந்தச் செருப்பும் முதலில் அந்த இடத்தில் முறைத்துக்கொள்ளும். பஞ்சு முறைத்துக்கொள்ளவில்லை. நாலைந்து நாளில் அந்த எலும்புக்கு ஒரு வீடே கட்டிக்கொடுத்துவிட்டது.

பூட்ஸை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, லேஸை அதே மாதிரி தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் மனசார ஒன்று வேண்டிக்கொண்டாள்: மலையில் இது பிய்ந்து போகட்டும்.

நடை நாளன்று வெயில் வருவதற்கு முன்பே கிளம்பினார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் மரவேர்கள் படிக்கட்டு மாதிரி ஏறும். அதற்கு மேல் ஓடை. ஓடைக்கு அப்பால் பாசி பிடித்த ஒரு சாய்ந்த பாறை. அதைத் தாண்டினால் முகடு வரைக்கும் சல்லிக்கல் கொட்டிவைத்த மாதிரி ஒரு சரிவு. நடைக்காரிக்கு இந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். முன்னால் போக வேண்டியது அவள்தான். ஆனால் வேர்ப்படி முடிவதற்குள்ளேயே சின்னவள் முன்னால் போய்விட்டாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க! ஓடையில தண்ணி எப்படி இருக்குன்னு பாருங்க!"

"பாத்திருக்கேன்," என்றாள் நடைக்காரி, மூச்சு வாங்க.

ஓடையில் சின்னவள் கல்லுக்குக் கல் தாவினாள். பாசிப் பாறையில் நடைக்காரி எப்போதும் கையை ஊன்றித்தான் ஏறுவாள். சின்னவள் நிமிர்ந்தபடியே ஏறினாள், ஏறும்போது பேசவும் செய்தாள். இயந்திரத்து ஊசி ஒடிந்த கதை, காவலாளியின் பெண்டாட்டி கதை, மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி கதை. ஏறிக்கொண்டே பேச மூச்சு எங்கிருந்து வருகிறது என்று நடைக்காரி வெந்து போனாள். செங்கல் அன்றைக்கு என்றுமில்லாத கனமாக இருந்தது. இத்தனை வருஷமாக இதையா சுமந்தோம் என்று இருந்தது. இப்படி ஒன்று வரும் என்று தெரியாமல், கிடைத்ததைப் பெருமையாகச் சுமந்து, எலும்பைப் புடைக்க வைத்துக்கொண்டு. இவள் வந்ததும் பஞ்சு வந்துவிட்டது. இவளுக்கு எல்லாம் இப்படித்தான் வரும்.

முகட்டில் சின்னவள் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "இதையா நீங்க தினம் பாத்தீங்க? வீட்ல வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையேக்கா!"

"சொல்ல என்ன இருக்கு?"

சொல்ல நிறைய இருந்தது. பங்கு வைக்க மனசில்லை, அவ்வளவுதான்.

இறக்கத்தில்தான் அது நடந்தது. சல்லிச் சரிவில் பாதி தூரம் வந்ததும் சின்னவளின் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. அவள் பேச்சு நின்றதே நடைக்காரிக்கு ஓர் அறிவிப்பு மாதிரி இருந்தது. முன்னால் பார்த்தால், வலது காலை ஒருசாய்த்து ஒருசாய்த்து வைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டில் கால் வெளிப்பக்கமாக மடிந்தது. சல்லியோடு சேர்ந்து கொஞ்ச தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய் நின்றாள்.

நடைக்காரி ஓடினாள். ஓடும்போது அவள் நெஞ்சில் இருந்தது பதற்றமில்லை. ஒரு பண்டிகையே இருந்தது. பஞ்சு தோற்றுவிட்டது!

"எங்கயாவது உடைஞ்சுதா?"

"இல்லைக்கா. குதிகால்தான் எரியுது." சின்னவள் பூட்ஸைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருந்தது. "இடது கால் கம்முனு இருக்கு. வலதுதான் உள்ளுக்குள்ள வெளிப்பக்கமா ஓடுது. பிடிப்பே இல்லை. ஏறும்போது தெரியலை, இறங்கும்போது கால் அங்க போய் விழுது."

"எங்க?"

சின்னவள் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்தாள். பூட்ஸைத் திருப்பி, யோசித்து, சுண்டுவிரலுக்குக் கீழே வெளிப்பக்கமாக நீளமாக ஒரு கோடு போட்டாள். "இங்க."

நடைக்காரி அந்தக் கோட்டைப் பார்த்தாள். செங்கல்லுக்குள் அவளுடைய எலும்பு தானாகவே ஒருமுறை துடித்தது. பண்டிகை அணைந்துவிட்டது.

"போட்டது சரியாக்கா? நல்ல பூட்ஸு. மனசே வரலை. வேணா அழிச்சுடட்டுமா?"

"எது இருக்கோ அதைத்தான் போடணும்," என்றாள் நடைக்காரி. குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

மத்தியானம் மாஸ்டர் மேசைமேல் இரண்டு ஜோடியும் இருந்தன. செங்கல்லில் ஒரு குறியும் இல்லை. அதை அவர் தொடக்கூட இல்லை. பஞ்சின் வலது பூட்ஸை எடுத்துக் கோட்டைப் பார்த்தார். உள்ளே கையை விட்டார். விரலால் அந்த இடத்தைத் தடவினார். இடதை எடுத்து அதே மாதிரி தடவினார். மறுபடியும் வலது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஆமா! இருக்கு! இங்க ஒரு பள்ளமே இருக்கு! என் கண்ணுக்குப் படலையே!" பக்கத்தில் நின்ற அச்சுக்காரரைக் கூப்பிட்டார். காலின் வடிவத்தில் மரத்தில் அச்சு செதுக்கி, அதன்மேல்தான் தோலை இழுத்துப் பூட்ஸ் செய்வார்கள். அதைச் செதுக்குகிறவர் அவர். "வலது அச்சுல இங்க உருண்டு நிக்குது போலிருக்கு. அரத்தை எடு. இந்த இடத்தை ராவிட்டு, எல்லா அளவுக்கும் அதே மாதிரி இறக்கிடு."

"நான் அளந்துதானே செதுக்கினேன்," என்றார் அச்சுக்காரர், வாடிப்போய்.

"கால் சொல்லுதுய்யா! அளவுகோல் சொல்றதை விடு, கால் சொல்லுது!" மாஸ்டர் சின்னவளின் தலையில் கையை வைத்தார். "முதல் நடையிலேயே கண்டுபிடிச்சுட்டா பாரு. இதைத்தான் நான் கேட்டேன். இப்படி ஒரு கால் இத்தனை வருஷமா எனக்கு இல்லாமப் போச்சு!"

கூடத்தில் கைதட்டினார்கள். சின்னவள் ஒற்றைக் காலில் நின்றபடி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நடைக்காரிக்குக் காதில் குப்பென்று சூடு ஏறியது. பஞ்சு தோற்றால் சின்னவள் தோற்பாள் என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! இந்த வேலையே குறை கண்டுபிடிக்கிற வேலைதானே. குறை இல்லாத பூட்ஸில் ஒரு குறையைச் செய்து, அழகாக அதை அவள் கையிலேயே கொடுத்தாகிவிட்டது. அச்சுக்காரர் அரத்தை எடுத்துவந்துவிட்டார். சரியான அச்சை ராவப் போகிறார்கள். அதன்மேல் செய்கிற ஒவ்வொரு வலது பூட்ஸும் யாரோ ஒருவர் சுண்டுவிரலைக் கடிக்கப் போகிறது. அதுவும் அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்க வைத்தது அது இல்லை. மாஸ்டரின் கை இன்னும் சின்னவள் தலைமேலேயே இருந்தது.

"அது என் எலும்பு!"

எல்லாரும் திரும்பினார்கள். யார் கத்தியது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை.

"அவ ஒண்ணும் கண்டுபிடிக்கலை மாஸ்டர். அது என் எலும்பு. என் கால்ல இருக்கிறது. அச்சு சரியாத்தான் இருக்கு."

"உன் காலுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வீட்ல போட்டுப் பாத்தேன்."

"ஒரு தடவையா?"

"தினமும்."

மாஸ்டர் ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து செங்கல்லைக் கழற்றினாள். வலது பஞ்சை அவரே நீட்டினார். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எலும்பு அந்தக் கோட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, தன் வீட்டுக்கு வந்த மாதிரி. மாஸ்டர் வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பார்த்தார். அச்சுக்காரர் அரத்தை மேசைமேல் வைத்தார். அவருக்கு மட்டும்தான் அந்தக் கூடத்தில் அன்றைக்கு நிம்மதி.

"கழட்டு," என்றார் மாஸ்டர்.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்கச் சின்னவள் பேசவில்லை. செருப்பின் வார் குதிகாலில் படாமல் இழுத்து இழுத்து நடந்தாள். வீட்டுக்கு வந்து, மாமியாருக்கு எதிரில், கூடத்தில் நின்றுகொண்டுதான் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு நான் ஒரே ஒரு தடவை கால் விட்டதுக்கு என்ன கத்து கத்துனீங்க?"

"ஆமா."

"என் குதிகாலைப் பாருங்க."

"பாத்தேன்."

"நான் மலையில உருண்டிருந்தா?"

நடைக்காரி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவள் காலடியில் வைத்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேக்கா! மாஸ்டர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். ஏன் கேக்கலை?"

"நீ குடுத்திருப்பே. அதான் கேக்கலை."

மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "இந்த வீட்ல மருமகளுக சண்டைன்னா ஒண்ணு நகைக்கு வரும், இல்ல சமையல்கட்டுக்கு வரும்னு நெனச்சிருந்தேன். ஷூவுக்கு வந்திருக்கு," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சின்னவளும் சிரிக்கவில்லை. மாமியார் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாஸ்டர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். புது ஜோடி செய்யப்படும். பழகுகிற நடையெல்லாம் இனிமேல் கூடத்தில், அவர் கண்ணெதிரே. மற்ற நேரத்தில் பூட்ஸ் அவருடைய அலமாரியில், சாவி அவர் இடுப்பில். நடப்பது சின்னவள். நடைக்காரி பசை மேசைக்கு.

அவள் முக்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பசை டப்பாவைத் திறந்ததும் பழைய நெடி வந்து மூக்கில் ஏறியது, எங்கேயடி போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரி. பக்கத்து மேசைக்காரி, "வாங்க நடைக்காரி," என்றாள். பெயர் மட்டும் போகவில்லை. அது இன்னும் குத்தியது.

சின்னவளின் குதிகால் ஆறி, புது ஜோடி பழகி, நடை நாள் வந்தபோது மாஸ்டர் பசை மேசைப் பக்கம் வந்தார். "இனிமே மலைக்கு யாரையும் தனியா அனுப்பறதா இல்லை," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "இந்தத் தடவை நீளப் பாதை. பாதை தெரிஞ்சவ நீ ஒருத்திதான். கூடப் போ. உன் சொந்தச் செருப்புல. தண்ணிப் பையைத் தூக்கிக்கோ." கொஞ்சம் நிறுத்தி, "பூட்ஸைத் தொடாதே," என்றார்.

துணைக்குப் போகிறவளாக, இத்தனை வருஷம் தான் முன்னால் நடந்த மலையில், தண்ணீர் சுமந்துகொண்டு. முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பசைத் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு எழுந்தாள்.

அன்றைக்குச் சின்னவள் அவ்வளவாகப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு திரும்பி வந்திருந்தது, ஆனால் தேவைக்குத்தான். தேன் நிறப் பூட்ஸ் முன்னால் போனது. புதுசு, பள்ளமில்லாதது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பின்னால் தேய்ந்த செருப்போடு வந்த நடைக்காரிக்கு அந்தக் குதிகால்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு கல்லில்கூட வழுக்காதா என்று பார்த்துக்கொண்டே ஏறினாள். வழுக்கவில்லை. ஓடையின் சத்தம், ஈர மண் வாசனை, முகத்தில் வந்து மோதுகிற காற்று எல்லாம் பழையபடியே இருந்தன. பசை நெடி மூக்கிலிருந்து போய்விட்டதை அவள் பாதி வழியில்தான் கவனித்தாள்.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே நீளப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகப் போவது போலப் போய்ப் பாறை விளிம்பில் முடிந்துவிடும். மற்றது புதருக்குள் நுழைந்து காணாமல் போவது போலிருக்கும், அதுதான் வழி. சின்னவள் அங்கே போய் நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு திரும்பிப் பார்த்தாள்.

நடைக்காரி அவசரப்படவில்லை. வந்து சேர்ந்ததும் தண்ணீர்ப் பையை இறக்கினாள். ஒரு கல்லைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். கூந்தலை அவிழ்த்து, உதறி, நிதானமாக முடிந்துகொண்டாள்.

"எந்தப் பக்கம்க்கா?"

நடைக்காரி தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகினாள். திருகியது சரியாக விழவில்லை என்று மறுபடியும் திருகினாள்.

"அக்கா! வெயில் ஏறுது. சொல்லுங்க."

"என்ன அவசரம்?" என்றாள் நடைக்காரி. "லேசான பூட்ஸ்தானே போட்டிருக்கே. நின்னா ஒண்ணும் வலிக்காது."